மூன்று நூல்கள், ஒரு விசுவாசம்

ஒரு சமயத்தின் உயிர்நிலை எதுவென்பதை அச்சமயத்தார் தமக்குள் நிகழ்த்தும் வாதங்களைக் கொண்டு அறிதல் அரிது. வாதம் வேற்றுமையைத் தேடிச் செல்லும். எதிரியின் சொல்லில் எங்கே பிழை காணலாம் என்பதே அதன் நோக்கம். வழிபாட்டுக்கும் பாட்டுக்கும் அந்நோக்கம் இல்லை. பத்தி மேலிட்டுப் பாட முற்படும் புலவன் தான் எதனைப் பற்றி நிற்கின்றானோ அதனையே பாடுவான். சைவமும் வைணவமும் தமிழ்நாட்டில் எத்துணைக் கடுமையாக வாதிட்டன என்பதைக் கற்றோர் அறிவர். ஆயினும் அவற்றின் பாடல்களைப் பயில்வோர்க்குக் கிடைப்பது இறைவன்பால் உருகிய உள்ளமே. தமிழில் தோன்றிய கிறித்துவ இலக்கியத்தைக் கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் இவ்வேறுபாடு நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கிறித்துவப் புலவரைச் சபைவாரியாக நிறுத்துகின்றன. வீரமாமுனிவர் கத்தோலிக்கர், தஞ்சை வேதநாயக சாத்திரியார் உலுத்தரன் மரபினர், எச். ஏ. கிருட்டிணபிள்ளை ஆங்கிலிக்கன் சபையினர். மாணவர் பெயரையும் ஆண்டையும் பாட்டுத் தொகையையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். இம்மூவரும் மாந்தரை நோக்கிப் பொதுவாகச் சொல்லியது யாது என்னும் வினா வகுப்பறையில் எழுவதே இல்லை. அவ்வினாவை எழுப்பினாலன்றித் தேம்பாவணியும், பெத்லகேம் குறவஞ்சியும், இரட்சணிய யாத்திரிகமும் வெறும் பெயர்ப்பட்டியலாகவே நின்றுவிடும்.

தேம்பாவணி 1726-இலும், பெத்லகேம் குறவஞ்சி 1800-இலும், இரட்சணிய யாத்திரிகம் 1894-இலும் வெளிப்பட்டவை. மூன்றும் மூன்று சபைகளின் பிள்ளைகள். மூன்று இலக்கிய வகைகளின் பிள்ளைகளும் ஆகும். எனினும் மூன்றிலும் ஓடுகின்ற உயிர் ஒன்றே. மனிதன் தன் பாவச் சுமையைத் தன் ஆற்றலால் இறக்கி வைக்க இயலாதவன். இறைவன் தானே இயேசு கிறித்துவாய் மண்ணில் இறங்கி வந்து, சிலுவையில் இறந்து, உயிர்த்தெழுந்து, அச்சுமையைத் தீர்த்தான். அவனை நம்பிப் பற்றுவார்க்கு வாழ்வு உண்டு. இதனையே கிறித்துவர் மீட்பு விசுவாசம் என்பர். இவ்விசுவாசம் மூன்று நூல்களிலும் எவ்வாறு கலையாக மலர்ந்துள்ளது, எங்கே வாடியுள்ளது, அதைப் பாடியவர் வாழ்வில் அது எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பவை ஆராயத்தக்கன.

பூசல் நிகழ்ந்த களம்

முதற்கண் வேற்றுமையை மறைக்காது கூறிவிடுதல் முறை. 1706-ஆம் ஆண்டு சீகன்பால்கு என்னும் செருமானியர் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் அங்கேயே அச்சேறியது. இந்திய மொழிகளுள் புதிய ஏற்பாடு முழுதும் முதன்முதலாக அச்சேறியது தமிழிலேதான். இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்த கான்சுடன்டைன் சோசப் பெசுகி, இயேசு சபைத் துறவியாய்த் தமிழகம் வந்து, தமிழ் கற்று, வீரமாமுனிவர் எனப் பெயர் பெற்றார். சீகன்பால்கு 1719-இல் மறைந்த பின்னர், அவருடைய வழித்தோன்றல்களுக்கும் முனிவருக்கும் இடையே எழுத்துப்போர் மூண்டது.

முனிவர் வேத விளக்கம் எழுதினார். தரங்கம்பாடியாரின் கண்டனத்திற்கு மறுப்பாகப் பேதகமறுத்தல் எழுதினார். லுத்தேரினத்தியல்பு என்னும் நூலையும் எழுதினார். தரங்கம்பாடியாரின் வேத மொழிபெயர்ப்பில் காணப்பட்ட தமிழ்நடையையும் அவர் எள்ளி நகையாடினார். எதிர்த்தரப்பாரும் வாளா இருந்தாரல்லர். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மூண்ட தீ, இருநூறு ஆண்டு கழித்துக் காவிரிக் கரையில் தமிழ் உரைநடையாக எரிந்தது. இதனால் தமிழ் உரைநடைக்கு நன்மை விளைந்தது என்பது வேறு செய்தி. புதிதாகக் கிறித்துவத்தைத் தழுவிய எளிய மக்களோ, ஒரே கிறித்துவின் பெயரால் இரு சாரார் ஒருவரை ஒருவர் தூற்றக் கேட்டனர்.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. பூசலிட்ட இரு சாராரும் சொற்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றுக்கொண்டிருந்தனர். கடவுளைக் குறிக்கத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிவந்த சருவேசுரன் என்னும் சொல்லையே சீகன்பால்கும் தம் மொழிபெயர்ப்பில் ஆண்டார். பின்வந்த பெப்ரீசியசு பராபரன் என்றார். 1871-இல் வெளிவந்த திருத்த மொழிபெயர்ப்பு தேவன் என்றது. சொல் மாறிக்கொண்டே வந்தது. அச்சொல் சுட்டிய பொருள் மாறவில்லை.

வாதத்தின் கரு

வாதத்தின் கரு யாது? மனிதன் இறைவன்முன் நீதிமானாக ஏற்கப்படுவது எதனால் என்பதே. விசுவாசம் ஒன்றினாலேயே என்றார் மார்ட்டின் உலுத்தர். 1545 முதல் 1563 வரை கூடிய திரெந்து சங்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபை அக்கூற்றை மறுத்தது. இறையருள் முந்தி வந்து மனிதனை எழுப்புகின்றது. எழுப்பப்பட்ட மனிதன் அவ்வருளோடு ஒத்துழைக்கின்றான். விசுவாசம் அன்பினாலும் நற்செயலினாலும் நிறைவுறுகின்றது என்பது அச்சங்கத்தின் நிலை.

வைணவம் கற்ற தமிழர்க்கு இவ்வழக்கு முற்றிலும் புதியதன்று. குரங்கின் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனையின் குட்டியையோ தாயே கவ்விச் செல்லும். வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் உவமை காட்டுவர். உயிரின் முயற்சிக்கு எவ்வளவு இடம் என்பதிலேயே இரு கலையாரும் வேறுபடுகின்றனர். தாயின்றிக் குட்டிக்குப் போக்கில்லை என்பதில் வேறுபாடு இல்லை. இது முற்றுவமை ஆகாது; இரு சமயங்களின் கொள்கைகளும் தனித்தனியே நிற்பவை. எனினும், கத்தோலிக்கரும் உலுத்தரன் மரபினரும் எதில் மாறுபட்டனர், எதில் மாறுபடவில்லை என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய வழி தமிழில் இல்லை.

இவ்வழக்கு அண்மைக் காலத்தில் பெரிதும் தணிந்துள்ளது. 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் செருமனியின் ஆகசுபர்க்கு நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக உலுத்தரன் கூட்டமைப்பும் ஒரு பொது அறிக்கையில் கையொப்பமிட்டன. மனிதன் தன் தகுதியால் அன்றி, அருளினால் மட்டுமே, கிறித்துவின் மீட்புச் செயலை விசுவசிப்பதன் வழி, இறைவனால் ஏற்கப்படுகின்றான். ஏற்கப்பட்டவனைத் தூய ஆவி புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கின்றது என்பது அதன் சாரம். உலக மெதடிசுட்டு மன்றம் 2006-இலும், ஆங்கிலிக்கன் ஆலோசனை மன்றம் 2016-இலும், சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017-இலும் அதனோடு இசைந்தன. அறிஞர் அவையில் ஏற்பட்ட இவ்விசைவு, தமிழ்ப் பாட்டில் முன்னரே ஒலித்துவிட்டது என்பதே இம்மூன்று நூல்களைச் சேர்த்துப் படிப்பார் காணும் உண்மை.

தேம்பாவணி: தாங்கியவன் தாங்கப்படுதல்

தேம்பாவணி மூன்று காண்டங்களும், முப்பத்தாறு படலங்களும், 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பர். முனிவர் அவரை வளன் எனத் தூய தமிழில் அழைக்கின்றார். நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசை பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. பேசாத ஒருவரைப் பெருங்காப்பியத் தலைவராக்கிய துணிவு வியக்கத்தக்கது.

இத்தேர்வைக் கண்ட சீர்திருத்தச் சபையார், கிறித்துவைப் பாடாமல் அடியாரைப் பாடியது ஏன் என வினவக்கூடும். அடியார் வணக்கம் இரு சாராரையும் பிரித்த வேறுபாடுகளுள் ஒன்று என்பது மெய்யே. ஆயின் காப்பியத்தின் கட்டமைப்பை நோக்கினால் வேறொன்று புலப்படும். ஏரோது மன்னனின் வாளுக்குத் தப்புவிக்கக் குழந்தையைச் சுமந்துகொண்டு எகிப்துக்கு நடந்தவர் வளன். உழைத்து உணவூட்டியவர் வளன். குழந்தைக்குப் புகலிடம் அவரே. கதை முன்செல்லச் செல்ல இந்நிலை தலைகீழாகின்றது. அவர் வளர்த்த மகனே அவருக்குப் புகலிடமாகின்றான். இறுதிப் படலமாகிய முடிசூட்டுப் படலத்தில் வளன் பெறும் முடி, தாம் வளர்த்த மகனின் வெற்றியால் கிட்டிய கொடையாகும். நீதிமான் எனப் போற்றப்பட்டவருக்கும் மீட்பு வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. தாங்கியவன் தாங்கப்படுகின்றான் என்னும் இம்முரண்நயமே தேம்பாவணியின் உயிர் எனலாம்.

எனவே லுத்தேரினத்தியல்பு எழுதிய கை வேறு, தேம்பாவணி எழுதிய கை வேறு எனச் சொல்லுமளவுக்கு இரண்டும் வேறுபடுகின்றன. முன்னதில் முனிவர் ஒரு தரப்பின் வழக்குரைஞர். பின்னதில் அருளை நாடி நிற்கும் ஓர் உயிர். குறையும் கூறுதல் வேண்டும். முனிவர் தமிழ்க் காப்பிய மரபின்மேல் கொண்ட காதல் பெரிது. நாட்டு வருணனை, நகர வருணனை, கிளைக்கதை, அணிநயம் என அடுக்கடுக்காக வளர்ந்து, சில இடங்களில் அமைதியே உருவான வளனை மறைத்துவிடுகின்றன. அவரைப் பாடப்பாட அவருடைய எளிமை அணிகலன்களுக்கு அடியில் புதைகின்றது. தேர்ந்தெடுத்த படலங்களை மட்டும் மாணவர்க்கு முதலில் அளிப்பதே நன்று.

பெத்லகேம் குறவஞ்சி: கை பார்த்தவள் யார்?

வேதநாயக சாத்திரியார் 1774-இல் திருநெல்வேலியிற் பிறந்து, சுவார்ட்சு ஐயரிடம் தஞ்சையில் பயின்றவர். இரண்டாம் சரபோசி மன்னரோடு உடன்பயின்றவர். அக்காலத் தஞ்சையில் குறவஞ்சி நாடகம் பெரிதும் விரும்பப்பட்டது. தலைவன் உலா வருதல், தலைவி காதல் கொள்ளுதல், குறத்தி வந்து மலைவளம் கூறிக் கைபார்த்துக் குறி சொல்லுதல், சிங்கன் வந்து வலைவீசிப் பறவை பிடித்தல் என்பன அந்நாடகத்தின் வழக்கமான உறுப்புகள். அரசரையும் கோயில் இறைவரையும் பாடிய அந்நாடக வடிவத்தைச் சாத்திரியார் பெத்லகேமில் பிறந்த இயேசுவைப் பாடுதற்குக் கைக்கொண்டார்.

அவர் கையில் தலைவி தேவமோகினி திருச்சபையாகின்றாள், தலைவன் கிறித்து, வலை நற்செய்தி, வலையில் விழும் பறவைகள் மீட்கப்படும் ஆன்மாக்கள். இவ்வுருவகங்களுள் தலைசிறந்தது குறத்தி பற்றியதே. குறத்தியாக வருவது விசுவாசம். வழக்கமான குறவஞ்சியில் உயர்குலத் தலைவி, நாடோடியாய் அலையும் ஓர் எளிய பெண்ணிடம் தன் கையை நீட்டித் தன் வருங்காலத்தைக் கேட்கின்றாள். செல்வமும் குலமும் அளிக்கமாட்டாத உறுதியை அக்குறத்தியின் சொல் அளிக்கின்றது. இம்மரபை அறிந்தே சாத்திரியார் விசுவாசத்தை அவ்விடத்தில் நிறுத்தினார். மீட்பின் செய்தி மேலிடத்தாரின் உரிமைப் பொருளாக வருவதில்லை. தெருவில் நடந்துவரும் எளியவளின் வாயிலாக வருகின்றது. அச்செய்தி வேண்டுவோர் கையை நீட்டியாக வேண்டும். கிறித்துவ மீட்புக் கொள்கையை இத்துணைத் தமிழ்ப்பாங்கோடு விளக்கிய உருவகம் பிறிதொன்று காண்பது அரிது.

இங்கேதான் திறனாய்வாளர் வாளா கடந்து செல்லலாகாத இடம் ஒன்று உள்ளது. 1820-களில் தஞ்சைச் சபையில் ஒரு வழக்கு எழுந்தது. எல்லாச் சாதிக் கிறித்துவரும் வேறுபாடின்றி ஒருங்கிருந்து ஒரே கிண்ணத்தில் நற்கருணை பெறுதல் வேண்டும் எனப் புதிதாக வந்த குருமார் வலியுறுத்தினர். சாத்திரியார் அதனை எதிர்த்தார். சாதிவழக்கம் உலகியல் சார்ந்தது, விசுவாசத்திற்குப் புறம்பானது என்பது அவர் தரப்பின் வாதம். எல்லாரையும் ஒன்றாக்கும் விசுவாசத்தைப் பாடிய புலவர், அவ்விசுவாசத்தின் விருந்திலேயே பந்தி பிரிவதை ஏற்றுக்கொண்டார் என்பது வருந்தத்தக்கது, மறைக்கத்தக்கதன்று.

புலவரின் வாதத்தைப் புலவரின் பாட்டே மறுத்து நிற்கின்றது என்பதையும் உடன்சொல்ல வேண்டும். தேவமோகினியின் கையைத் தொட்டுப் பார்த்தவள் குறத்தி. தீட்டு என்று கையை இழுத்துக்கொண்டிருந்தால் குறி ஏது? நாடகந்தான் ஏது? பலவகைப் பறவையும் ஒரே வலையில் வீழ்கின்றன. வலை இனம் பார்ப்பதில்லை. சாத்திரியார் தம் வாழ்வில் எட்டாத உயரத்தைத் தம் பாட்டில் எட்டினார். இதனைக் கூறுவதால் அவர் பெருமை குன்றாது. மாறாக, பாட்டு என்பது பாடியவனையும் கடந்து உண்மை பேசவல்லது என்னும் பேருண்மை மாணவர்க்கு விளங்கும்.

இரட்சணிய யாத்திரிகம்: சிறையிலிருந்து வந்த கதை

மூன்றாவது நூலின் வரலாறே ஒரு பாடமாகும். சான் பனியன் (1628-1688) இங்கிலாந்தில் பெட்போர்டு என்னும் ஊரில் வாழ்ந்த கன்னார். அரசின் ஆதரவு பெற்ற ஆங்கிலிக்கன் சபைக்குப் புறம்பாக நின்று உபதேசம் செய்தமையால் 1660 முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறைப்பட்டார். அழிவின் நகரத்தை விட்டு விண்ணக நகரை நோக்கி நடக்கும் பயணியின் கதையை அவர் 1678-இல் வெளியிட்டார். இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தன. 1827-இல் திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் வைணவக் குடியிற் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற கிருட்டிணபிள்ளை அக்கதையைத் தமிழில் பெருங்காப்பியமாக்கினார். அவர் சேர்ந்திருந்தது ஆங்கிலிக்கன் சபை. பனியனைச் சிறையிட்ட அதே சபையின் மகன், பனியனின் கதையைத் தன் விசுவாசத்தின் கதையாகப் பாடினான். சபைகளைப் பிரிக்கும் மதிலுக்கு அடியில் ஓடும் நீரூற்று எது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பனியன் தாமும் இதனை உணர்ந்தவரே. ஞானஸ்நானம் பெறும் முறை பற்றிய கருத்து வேறுபாடு, விசுவாசிகள் திருவிருந்தில் ஒன்றுகூடுதற்குத் தடையாகாது என 1673-இல் அவர் ஒரு நூலே எழுதினார். தம் சாரார் பலரின் சினத்துக்கு ஆளாகியும் அவர் அந்நிலையினின்று மாறினாரல்லர்.

ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும், 3700-க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது யாத்திரிகம். பனியனின் கதையில் உயிர்நாடியான காட்சி ஒன்றுண்டு. முதுகில் சுமையோடு நடந்துவரும் பயணி சிலுவையைக் காண்கின்றான். கண்ட அளவில் சுமை தானே அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் மறைகின்றது. அவன் முடிச்சை அவிழ்க்கவில்லை. பிறரும் வந்து அவிழ்க்கவில்லை. பனியன் இதனை மிகச் சில வரிகளில் முடித்துவிடுகின்றார். விவிலியத்தைத் தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்த ஆங்கில வாசகர்க்கு அது போதும். தமிழ் வாசகர்க்குப் போதாது என்பதைக் கிருட்டிணபிள்ளை கண்டார். ஆகவே குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, மூலத்தில் இல்லாத கிறித்துவின் பாடுகளை விரிவாகப் பாடினார். கம்பனிடம் கற்ற விருத்தமும் வைணவத்தில் வளர்ந்த சரணாகதி உள்ளமும் இங்கு ஒன்றுகூடுகின்றன. நூலின் சிகரம் இதுவே என்பது தமிழறிஞர் பலர்க்கும் உடன்பாடு.

மொழிபெயர்ப்பு என்று கருதி இந்நூலை ஒதுக்குவார் இப்படலத்தை ஊன்றிப் படித்தல் நன்று. மீட்புக்குக் காரணம் சிலுவை என்று பனியன் சுட்டினார். அச்சிலுவையின் அடியில் தமிழரை நெடுநேரம் நிற்கவைத்தார் கிருட்டிணபிள்ளை. பாடுகளைத் தியானித்து உருகுதல் கத்தோலிக்க வழிபாட்டின் தனிச்சிறப்பு எனப் பலர் எண்ணுவர். அவ்வுருக்கத்தைச் சீர்திருத்தச் சபைக் காப்பியத்தின் நடுவே காண்பது, விசுவாசம் ஒன்றெனின் கண்ணீரும் ஒன்றே என்பதைக் காட்டுகின்றது.

இந்நூலுக்கும் குறையுண்டு. குணங்களே மாந்தராக உலவும் உருவகக் கதையாதலின், பாத்திரங்கள் பல பெயரளவில் நின்றுவிடுகின்றன. வடசொற்பெயர்களின் மிகுதி இக்கால மாணவரை அயர்விக்கும். உரையாடல் சிற்சில இடங்களில் பிரசங்கமாக நீண்டுவிடுகின்றது. பனியனின் எளிய மக்கள் பேச்சில் இருந்த துடிப்பு, காப்பிய நடையின் மிடுக்கில் ஓரளவு குறைந்துவிட்டது என்பதும் மறுத்தற்கில்லை.

ஒருமையும் அதன் விலையும்

மூன்று நூல்களையும் ஒருசேர வைத்து நோக்கின், முதல்வினை இறைவனுடையதே என்பதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன. வளனுக்கு முடி கொடையாக வருகின்றது. தேவமோகினிக்கு உறுதி குறத்தியின் சொல்லாக வருகின்றது. பயணிக்குச் சுமை சிலுவையின் காட்சியில் கழல்கின்றது. மூவரும் பெறுகின்றனர், ஈட்டுவாரல்லர். பெற்ற பின்னர் மூவரும் நடக்கின்றனர், காத்திருக்கின்றனர், துன்பம் பொறுக்கின்றனர். அருள் முந்துதலும் வாழ்வு தொடர்தலும் ஒருங்கே அமைந்த இந்நிலை, 1999-ஆம் ஆண்டு அறிக்கையின் சாரத்தோடு பொருந்துவதைக் காணலாம்.

இதனைக் கொண்டு எல்லாச் சபைகளும் எல்லாவற்றிலும் ஒன்றே எனக் கூறிவிடுதல் பிழையாகும். திருத்தந்தையின் அதிகாரம், அன்னை மரியாளுக்கும் அடியார்க்கும் உரிய வணக்கம், அருட்சாதனங்களின் எண்ணிக்கை ஆகியவற்றில் வேறுபாடுகள் நிலைக்கின்றன. கத்தோலிக்கரும் பிற சபையாரும் ஒரே நற்கருணை மேசையில் அமர்தல் இன்றும் பொது வழக்காகவில்லை. பொது விசுவாசம் என்பது வேறுபாடுகளைத் துடைத்தெறியும் சொல்லன்று. வேறுபாடுகளுக்கு நடுவே ஒருவரை ஒருவர் உடன்பிறப்பென ஏற்கச் செய்யும் அடிநிலையைக் குறிப்பதே அச்சொல். பவுலடியார் எபேசு நகரத்தார்க்கு எழுதிய மடலில் விசுவாசத்தின் ஒருமையைப் பேசும்போது, அதற்குமுன் தாழ்மையையும் பொறுமையையும் வேண்டுகின்றார். இவ்வொருமைக்கு விலை உண்டு என்பது அதனால் பெறப்படும்.

அவ்விலையைக் கொடுக்க முன்வந்தாருள் தமிழரும் உண்டு. 1919-ஆம் ஆண்டு மே மாதம் ஆங்கிலிக்கன் சபையையும் தென்னிந்திய ஐக்கிய சபையையும் சார்ந்த ஊழியர் ஓரிடத்தில் கூடி, சபைப் பிரிவுகள் மேனாட்டு வரலாற்றில் எழுந்தவை, இந்தியக் கிறித்துவர் தாமாக உண்டாக்கியவை அல்ல என உணர்ந்து, இணைப்புக்கு அழைப்பு விடுத்தனர். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வே. ச. அசரியா அக்கூட்டத்தின் முன்னணியில் நின்றார். அவர்கள் கூடிய இடம் தரங்கம்பாடி. இருநூறு ஆண்டுக்கு முன் எழுத்துப்போரின் ஒரு முனையாயிருந்த அவ்வூரே இணைப்பின் தொடக்கமும் ஆயிற்று. அசரியா 1945-இல் மறைந்தார். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கரும், மெதடிசுட்டரும், முன்னரே இணைந்திருந்த பிரசுபிட்டேரியரும் காங்கிரிகேசனலாரும் அதில் ஒன்றாயினர். உலுத்தரன் சபை தனித்தே நின்றது. எனினும், பேராயர் ஆட்சியுள்ள சபையும் அஃதில்லாத சபைகளும் கூடி ஒரே சபையானமை உலகக் கிறித்துவ வரலாற்றிலேயே புதுமை.

மொழியிலும் அத்தகைய முயற்சி நிகழ்ந்தது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி உழைத்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. அதில் இரட்சிப்பு மீட்பாயிற்று, விசுவாசம் நம்பிக்கையாயிற்று, கடவுள் என்னும் பொதுச்சொல் இடம்பெற்றது. பழைய மொழிபெயர்ப்பையே போற்றும் சபையார் இன்றும் பலர். பழகிய சொல்லோடு பழகிய பத்தியும் ஒட்டியிருப்பதால் அது குறையாகாது. முந்நூறு ஆண்டுக்கு முன் ஒருவர் தமிழை ஒருவர் நகைத்த மரபினர், ஒரே மேசையில் அமர்ந்து ஒரே தமிழை எழுதினர் என்பதே இங்குப் போற்றத்தக்கது.

ஆசிரியர்க்கு உரிய பணி

இவ்விலக்கியத்தைக் கற்பிப்பார் எச்சமயத்தாராயினும் ஆகுக. விசுவாசத்தை வகுப்பறையில் பரப்புதல் அவர் பணியன்று. ஒரு நூல் எந்த விசுவாசத்தால் உயிர்க்கின்றதோ அதனை விளங்கவைத்தல் அவர் பணி. தேவாரத்தைச் சைவ உணர்வின்றியும், திருவாய்மொழியைச் சரணாகதியின் பொருள் அறியாமலும் கற்பித்தல் இயலாதவாறே, இரட்சணிய யாத்திரிகத்தை மீட்பின் பொருள் அறியாமல் கற்பித்தலும் இயலாது. சபைப் பெயரும் ஆண்டும் பாட்டுத் தொகையும் புறக்குறிப்புகள். அவற்றோடு நின்றுவிடும் பாடம் நூலின் வாயிலிலேயே மாணவரை நிறுத்திவிடும்.

வளன் முடி பெறுதல், குறத்தி கை பார்த்தல், பயணியின் சுமை கழலுதல் ஆகிய மூன்று பகுதிகளையும் அடுத்தடுத்து மூன்று நாள் பாடமாக வைத்தல் தக்கது. மூன்றும் முடிந்தபின், இவற்றுள் யார் தன் முயற்சியால் பெற்றார், யார் பிறிதொருவர் தர ஏற்றார் என ஒரு வினாவை மட்டும் மாணவரிடம் விடுதல் வேண்டும். அதற்கு விடை தேடும் மாணவன் சபைப் பெயர்களைக் கடந்து நூல்களுக்குள் செல்வான். தஞ்சையில் பந்தி பிரிந்த செய்தியையும் அவனுக்குச் சொல்ல வேண்டும். தேவமோகினியின் கையைக் குறத்தி பற்றிய அப்பாட்டை அதன்பின் அவன் மீண்டும் ஒருமுறை படிப்பானாக.